பனிக்கடலில் மின் உந்துக் கப்பல்கள்: கொழும்பில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

கப்பல் மின் அதிகாரியாகப் படிக்கும் பிள்ளைகளும், கடலிலிருந்து விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ வந்திருப்பவர்களும், சில வேளைகளில் அவர்களின் பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கொழும்புத் துறைமுகத்து நீர் 27 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. வடதுருவக் கடலின் உப்பு நீர் ஏறத்தாழ −1.8 பாகையில் உறைகிறது. இங்கே பழகிய கை அங்கே எங்கெங்கு தடுமாறும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

மின் உந்துக் கப்பல் என்றால் பற்றரியில் ஓடும் கப்பலா?

பெரும்பாலும் இல்லை. டீசல் அல்லது எரிவாயு எஞ்சின்கள் மின்பிறப்பாக்கிகளைச் சுற்றுகின்றன. அந்த மின்சாரம் கப்பல் முழுவதற்கும் மின்சாரத்தைப் பகிரும் பிரதான சுவிட்ச்போர்டுக்கு வருகிறது. அங்கிருந்து மின்மாற்றி, மோட்டாரின் வேகத்தையும் முறுக்குவிசையையும் கட்டுப்படுத்தும் கன்வெர்ட்டர் வழியாக உந்துமோட்டாருக்குப் போய் புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. இந்த ஏற்பாடு புதிதல்ல. 1903இல் வோல்கா ஆற்றில் ஓடிய ‘வண்டால்’ என்ற ரஷ்ய எண்ணெய்க் கப்பலே டீசல்-மின்சாரக் கப்பல்தான்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புரொப்பெல்லரும் சமையலறை அடுப்பும் எஞ்சினின் எண்ணெய்ப் பம்பும் சுக்கான் இயந்திரமும் ஒரே சுவிட்ச்போர்டிலிருந்துதான் உண்கின்றன. புரொப்பெல்லரில் ஏற்படும் அதிர்ச்சி அடுப்பு வரை போகும். சிறிய பம்ப் ஒன்று நின்றால் அதன் விளைவு புரொப்பெல்லர் வரை வரும்.

பனி உடைப்புக் கப்பல்களுக்கு ஏன் இந்த முறையை விரும்புகிறார்கள்?

முறுக்குவிசைக்காக. புரொப்பெல்லரைப் பனிக்கட்டி பிடித்து நிறுத்தப் பார்க்கும்போது, மெதுவான சுழற்சியிலும் முழு முறுக்குவிசை வேண்டும். டீசல் எஞ்சினை நேரடியாகத் தண்டுடன் இணைத்தால், வேகம் விழுந்ததும் அது திணறி நின்றுவிடும். மின்மோட்டார் நிற்கும் நிலையிலும் தள்ளும். முன்னோக்கி ஓடிக்கொண்டிருப்பதைச் சில செக்கன்களில் பின்னோக்கித் திருப்பவும் அதனால் முடியும்.

1930களின் தொடக்கத்திலேயே சுவீடன் ‘யேமர்’ என்ற டீசல்-மின்சாரப் பனி உடைப்புக் கப்பலை இறக்கியது. 1990இல் பின்லாந்தின் ‘செய்லி’ என்ற சிறிய பணிக்கப்பலில் முதல் அஸிபொட் பொருத்தப்பட்டது. மோட்டாரைக் கப்பலுக்கு வெளியே, சுழலும் கூண்டுக்குள் வைக்கும் முறை அது. ரஷ்யாவின் யமால் எரிவாயுவை ஏற்றக் கட்டிய ‘கிறிஸ்டோஃப் டி மார்ஜரி’ போன்ற கப்பலில் 15 மெகாவாட் அஸிபொட்கள் மூன்று இருக்கின்றன. கனமான பனியில் அது பின்புறம் முன்னால் இருக்கத் திரும்பி, புரொப்பெல்லராலேயே பனியை அரைத்துக்கொண்டு போகும்.

பனிக்கட்டி புரொப்பெல்லரில் மாட்டும்போது சுவிட்ச்போர்டில் என்ன தெரியும்?

இது கப்பலின் கட்டுப்பாடு எந்த முறையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திறந்த கடலில் பெரும்பாலும் வேகக் கட்டுப்பாட்டில் ஓட்டுவார்கள். பாலத்திலிருந்து (கப்பலை ஓட்டும் மேல்தள அறையிலிருந்து) நிமிடத்துக்கு 100 சுற்று கேட்டால், கன்வெர்ட்டர் எப்பாடுபட்டாவது 100ஐக் காக்கும். பனிக்கட்டி புரொப்பெல்லரின் அலகில் (இறக்கையில்) சிக்கியதும் வேகம் குறையப் பார்க்கும். உடனே கன்வெர்ட்டர் முறுக்குவிசையைக் கூட்டும், மின்பிறப்பாக்கிகளின் சுமை மேலே தாவும். கட்டி நொறுங்கி விலகியதும் அதே சுமை கீழே விழும். கிலோவாட் முள் இப்படி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இனிமையான வேலையல்ல.

அதனால் பனிக்குள் போகும்போது வலுக் கட்டுப்பாட்டு முறைக்கோ முறுக்குவிசைக் கட்டுப்பாட்டு முறைக்கோ மாறுவது நல்லது. அப்போது வேகம் ஏறி இறங்க விடப்படுகிறது, மின்சுமை ஓரளவு நிலையாக நிற்கிறது. ஆட்டத்தைப் புரொப்பெல்லரின் வேகம் ஏற்றுக்கொள்கிறது, சுவிட்ச்போர்டு ஏற்றுக்கொள்ளவில்லை. பாலத்தில் உள்ள அதிகாரிக்குச் சுற்று எண் ஆடுவது பிடிக்காது, தொலைபேசியில் கேட்பார். ஆடத்தான் வேண்டும் என்று விளக்கிச் சொல்லுங்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. நான்கு அலகுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 100 சுற்றில் பனியை அரைத்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 6.7 அடிகள் விழும். எஞ்சினின் வேகத்தைக் காக்கும் எந்தக் கவர்னராலும் அந்த வேகத்தில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்க முடியாது. முயன்றாலும் தவறான நேரத்தில் கூட்டி ஆட்டத்தைப் பெரிதாக்கும். இவ்வளவு விரைவான ஆட்டத்தைச் சுழலும் பாகங்களின் சடத்துவமும் (வேகம் மாறாமல் சுழன்றுகொண்டே இருக்கப் பார்க்கும் தன்மையும்) கன்வெர்ட்டரின் வடிகட்டலும்தான் விழுங்க வேண்டும். கவர்னரின் உணர்திறனைக் கூட்டினால் சரியாகும் என்று நினைப்பவர்கள் எல்லாக் கப்பலிலும் ஒருவராவது இருப்பார்கள்.

எவ்வளவு ஆட்டத்தைப் பொறுக்கலாம்?

கப்பல்களின் தரத்தைச் சான்றளிக்கும் வகுப்புச் சங்கங்களின் பொது விதிப்படி, வோல்ற்றளவு நிரந்தரமாக +6 முதல் −10 சதவீதம் வரையும், தற்காலிகமாக 1.5 செக்கனுக்கு ±20 சதவீதம் வரையும் மாறலாம். மீடிறன் (ஹெர்ட்ஸ் அளவு) நிரந்தரமாக ±5 சதவீதம், 5 செக்கனுக்கு ±10 சதவீதம். கப்பலில் உள்ள சாதனங்கள் இந்த எல்லைக்குள் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. அதற்கு அப்பால் எது முதலில் விழும் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும்.

ஓடிக்கொண்டிருக்கும் மின்பிறப்பாக்கிகளில் ஒன்று திடீரென்று விழுந்தால் (சுற்றிலிருந்து கழன்றால்) எவ்வளவு நேரம் இருக்கிறது?

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு கற்பனைக் கப்பலில் 8 மெகாவாட் மின்பிறப்பாக்கிகள் மூன்று, ஒவ்வொன்றும் 85 சதவீதச் சுமையில் ஓடுகின்றன. மொத்தம் 20.4 மெகாவாட். ஒன்று விழுகிறது. மீதி இரண்டும் அந்தக் கணத்தில் தருவது 13.6 மெகாவாட்தான். 6.8 மெகாவாட் குறைகிறது. அந்தக் குறையைச் சுழலும் இரும்பின் இயக்கசக்தி தருகிறது, தரத்தர வேகம் குறைகிறது. நடுத்தர வேக டீசல் தொகுதிக்குச் சடத்துவ மாறிலி (சுழலும் இரும்பில் உள்ள சக்தி முழு வலுவை எத்தனை செக்கன் தரும் என்ற அளவு) 1.5 செக்கன் என்றும், மின்பிறப்பாக்கி ஒவ்வொன்றும் 10 மெகா வோல்ற்-அம்பியர் என்றும் எடுத்தால், மீடிறன் செக்கனுக்கு 6.8 ஹெர்ட்ஸ் வீதம் விழும். 60 ஹெர்ட்ஸில் 10 சதவீதம் என்பது 6 ஹெர்ட்ஸ். எனவே ஒரு செக்கனுக்கும் குறைவான நேரத்தில் எல்லை தாண்டிவிடும்.

மீதி இரண்டு எஞ்சின்களும் ஓடி வந்து காப்பாற்றாதா? காப்பாற்ற முயலும். ஆனால் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போசார்ஜர் உள்ள எஞ்சின், பாரம் ஏற்றிய பழைய லொறி கடுகண்ணாவை ஏற்றத்தில் கியர் மாற்றுவது போலத்தான். எரிபொருளை உடனே கொடுத்தாலும் காற்று பிந்தித்தான் வரும். சுமையில்லாமல் ஓடும் எஞ்சின் ஒரே படியில் ஏற்கும் சுமை, முழுச் சுமையின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். எரிவாயு முறையில் ஓடும்போது இன்னும் மெதுவாகக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் தட்டத் தொடங்கும் அல்லது தானாகவே டீசலுக்கு மாறிவிடும். நம் உதாரணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: மீதி இரண்டின் முழு வலுவே 16 மெகாவாட். கவர்னர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் 20.4 மெகாவாட் வராது.

ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியது உந்துமோட்டார்தான். கன்வெர்ட்டரால் பத்தில் ஒரு செக்கன் அளவில் பல மெகாவாட்டைக் குறைக்க முடியும். கப்பலில் இவ்வளவு விரைவாக, இவ்வளவு பெரிய சுமையைக் கீழே வைக்கக்கூடிய கருவி வேறில்லை. பனிக்கடலில் மின்சாரம் நிலைப்பது எத்தனை மெகாவாட் பிறப்பிக்கிறோம் என்பதைவிட, உந்துமோட்டார் எவ்வளவு விரைவாக விட்டுக்கொடுக்கிறது என்பதில்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. குறைக்கச் சொல்லும் வழிகள் மூன்று. மின்பிறப்பாக்கியின் பிரேக்கர் (சுற்றைத் துண்டிக்கும் ஆளி) திறந்ததும் நேரே கன்வெர்ட்டருக்குப் போகும் கம்பிச் சமிக்ஞை ஒன்று. கன்வெர்ட்டரே மீடிறன் விழுவதைப் பார்த்துக் குறைத்துக்கொள்வது இன்னொன்று. மின்பிறப்பாக்கிகளையும் சுமைகளையும் ஆளும் வலு மேலாண்மைக் கணினியின் கட்டளை மூன்றாவது. மூன்றும் வேண்டும். மூன்றாவதை மட்டும் நம்பாதீர்கள், கணினி யோசித்து முடிப்பதற்குள் அந்த ஒரு செக்கன் போய்விடும்.

2025 பெப்ரவரியில் இலங்கை முழுவதும் இருண்டதே, அதுவும் இப்படித்தானா?

அடிப்படை ஒன்றுதான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. சிரித்தவர்கள் கவனிக்காதது அடுத்த பகுதி. விடுமுறை நாள் என்பதால் மின்தேவை குறைவு, வெயில் நன்றாக இருந்ததால் சூரிய மின்சாரம் அதிகம், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. அதாவது கட்டமைப்பில் சடத்துவம் குறைவாக இருந்ததைப் பின்னர் மின்சார சபையும் சுட்டிக்காட்டியது. ஓர் இடத்துக் கோளாறு தீவு முழுவதையும் இழுத்துக்கொண்டு விழுந்தது, நுரைச்சோலை அனல் மின்நிலையமும் நின்றது.

கப்பல் என்பது இன்னும் சிறிய தீவு. ஒரு நாட்டில் பல நூறு இயந்திரங்கள் சடத்துவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கப்பலில் மூன்று நான்கு. மேலும் ஒரு நாட்டில் தனி ஒரு மோட்டார் மொத்தச் சுமையில் பாதியாக இருப்பதில்லை.

அப்படியானால் எல்லா மின்பிறப்பாக்கிகளையும் எப்போதும் ஓட்டி வைத்திருக்கலாமே?

தலைமைப் பொறியியலாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், எரிபொருள் கணக்கைக் காட்டுவார். குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடும் டீசல் எஞ்சின் சரியாக எரிக்காது. புகைக்கரி படியும், டர்போசார்ஜர் அழுக்காகும். ஆனாலும் பனிக்குள் போகும்போது திறந்த கடலைவிட ஒன்று கூடுதலாக ஓட வேண்டும். ஒன்று விழுந்தாலும் மீதி தாங்கும் அளவுக்குச் சுமை இருக்க வேண்டும். நான்கு ஓடினால் 75 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது இதனால்தான். நான்கில் முக்கால் என்பது மூன்றில் முழுமை.

தானாக நிறுத்தும் வசதி ஒரு கண்ணி. வலு மேலாண்மைக் கணினி சுமை குறைந்தால் ஒரு மின்பிறப்பாக்கியைத் தானாக நிறுத்தும். கப்பல் பனிமுகடு ஒன்றை மோதி, பின்வாங்கி, மீண்டும் மோதும் வேலையில் இருக்கும்போது பின்வாங்கும் நேரத்தில் சுமை குறையும். கணினி அதைப் பார்த்து ஒன்றை நிறுத்தினால், அடுத்த மோதலுக்கு ஒன்று குறைவாக இருப்பீர்கள். பனிக்குள் அந்தத் தானியங்கி நிறுத்தத்தை முடக்கிவையுங்கள்.

சுவிட்ச்போர்டை இரண்டாகப் பிரித்து ஓட்டுவது நல்லதா, சேர்த்து ஓட்டுவது நல்லதா?

இதில் சண்டை போடாத மின் அதிகாரிகளை நான் பார்த்ததில்லை. பிரித்து ஓட்டினால் ஒரு பக்கத்துக் கோளாறு மறுபக்கத்தைத் தொடாது, ஒரு புரொப்பெல்லராவது மிஞ்சும். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிச் சடத்துவமே கிடைக்கும். இடது புரொப்பெல்லரில் மாட்டிய கட்டி இடது பக்கத்து இரண்டு மின்பிறப்பாக்கிகளை மட்டும் உலுக்கும். சேர்த்து ஓட்டினால் நான்கும் தோள் கொடுக்கும். கோளாறு வந்தால் நான்கும் போகலாம்.

என் கருத்து: கரையோ பாறையோ வேறு கப்பலோ அருகில் இருக்கும்போது பிரித்து ஓட்டுங்கள். விரிந்த பனிப்பரப்பில் கடுமையாக உடைத்துப் போகும்போது சேர்த்து ஓட்டலாம், ஆனால் இரு பக்கத்தையும் சேர்க்கும் இணைப்புப் பிரேக்கரின் பாதுகாப்பு அண்மையில் உண்மையாகவே சோதிக்கப்பட்டிருந்தால் மட்டும். சோதனைத் தாளில் கையெழுத்து இருப்பதை நான் சோதனை என்று சொல்லவில்லை.

கெட்டுப்போன மின்பிறப்பாக்கி நல்லவற்றை வெளியே தள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சேர்த்து ஓட்டுவதற்கு எதிரான வலுவான வாதமும் இதுதான். ஒரு எஞ்சினின் எரிபொருள் தண்டு முழுத் திறப்பில் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். அது சுமை முழுவதையும் தானே எடுக்கப் பார்க்கும். மற்றவை இறக்கப்பட்டு, கடைசியில் அவற்றுக்குள்ளேயே வலு திரும்பிப் பாயும். வலு திரும்பிப் பாய்வதைக் கண்டு துண்டிக்கும் எதிர்வலு ரிலே தன் கடமையைச் செய்து நல்ல மின்பிறப்பாக்கிகளைக் கழற்றிவிடும். மிஞ்சுவது கெட்டது ஒன்று மட்டும், பிறகு அதுவும் விழும்.

வோல்ற்றளவு சீராக்கியிலும் இதே கதை நடக்கும். ஒன்றின் புலமின்னோட்டம் (அதன் காந்தத்தை உண்டாக்கும் மின்னோட்டம்) எல்லை மீறினால் அது எதிர்வினை வலுவை (வேலை செய்யாமல் போய்வரும் வலுவை) வெள்ளமாக ஊற்றும், நல்லவை புலம் இழந்தவை போலத் தோன்றி விழும். பிரேக்கர் விழுந்த வரிசையை மட்டும் பார்த்தால் நல்லதைக் குற்றவாளி என்று நினைத்துக் கழற்றிப் பார்ப்பீர்கள். எது கடைசியாக நின்றதோ அதிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

பின்னோக்கித் திருப்பும்போது வலு திரும்பி வருமா?

வரும். ஓடும் கப்பலில் புரொப்பெல்லரை நிறுத்தித் திருப்பும்போது, நீரோட்டம் அதைச் சுற்றும், மோட்டார் மின்பிறப்பாக்கி ஆகிவிடும். அந்தச் சக்தி தடையிகளில் வெப்பமாக எரிக்கப்பட வேண்டும், அல்லது கப்பலின் மற்றச் சுமைகள் அதை உண்ண வேண்டும். இரவில் சுமை குறைவாக இருக்கும்போது உண்ண ஆளில்லாவிட்டால் அது எஞ்சின்களைத் தள்ளும், எதிர்வலு ரிலே விழுத்தும். மோதிப் பின்வாங்கும் வேலையில் இது திரும்பத் திரும்ப நடப்பதால் தடையிகளின் வெப்பநிலையைப் பாருங்கள்.

சைக்ளோகன்வெர்ட்டர் உள்ள பழைய கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

மீடிறனை நேரடியாகக் குறைத்து மோட்டாருக்குத் தரும் பழைய வகைக் கன்வெர்ட்டர் அது. நல்ல முரட்டுக் கருவி, குறைந்த வேகத்தில் அருமையான முறுக்குவிசை தரும். ஆனால் குறைந்த வேகத்தில் அதன் வலுக்காரணி (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) மிக மோசம். பனியில் ஓடுவது அந்தக் குறைந்த வேகத்தில்தான். கிலோவாட் குறைவாகக் காட்டும்போதே மின்பிறப்பாக்கியின் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும். ஆகவே அம்பியர் மீற்றரை முதலில் பாருங்கள். கிலோவாட்டைப் பார்த்து இன்னும் இடமிருக்கிறது என்று நினைப்பவர் மாட்டிக்கொள்வார்.

மின்சார அலையைச் சிதைக்கும் இணைச்சுரங்களும் அதிகம். அவற்றை அடக்கும் வடிகட்டிகளின் கொள்ளளவிகளை (கப்பாசிட்டர்களை) மறந்துவிடாதீர்கள். 2010 செப்டெம்பரில் பார்சிலோனாவுக்கு அருகே ‘குயின் மேரி 2’ பயணிகள் கப்பலில் இணைச்சுர வடிகட்டி அறையில் ஒரு கொள்ளளவி வெடித்து, கப்பல் முழுவதும் மின்சாரம் இழந்தது. பனியில்லாத கடல், நல்ல வானிலை, அதனால் தப்பினார்கள்.

குளிர் நேரடியாக எதைக் கெடுக்கிறது?

எல்லாரும் மின்கம்பியையும் பற்றரியையும் நினைக்கிறார்கள். நான் முதலில் கடல்நீர் உள்ளே வரும் வாயைப் பார்ப்பேன். கப்பலில் சீ செஸ்ட் என்போம். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியாகத்தான் வருகிறது. பனி உடைபடும் இடத்தில் தண்ணீரும் நொறுங்கிய பனியும் கலந்த கூழ் கப்பலின் அடியில் உருண்டு வந்து அந்த வாயை அடைக்கும்.

எஞ்சின் அறையில் இது எப்படித் தெரியும்? பம்பின் வெளியேற்ற அழுத்த முள் முதலில் நடுங்கும், பிறகு மெல்ல இறங்கும். பம்ப் மோட்டாரின் அம்பியர் குறையும், ஏனென்றால் தள்ள நீர் இல்லை. வடிகட்டிக் கூடையின் மூடியைத் தொட்டால் கை சில்லிடும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். சில நிமிடங்களில் எஞ்சின் குளிர்நீர் வெப்பநிலை ஏறும். முதலில் எச்சரிக்கை, பிறகு சுமைக் குறைப்பு, பிறகு நிறுத்தம். வெளியே −30 பாகை, உள்ளே எஞ்சின் சூடு தாங்காமல் நிற்கும்.

பயப்பட வேண்டிய இடம் இது. நான்கு மின்பிறப்பாக்கிகள் இருந்தும் அவை குடிக்கும் வாய் ஒன்றாக இருந்தால், நான்கும் ஒரே நேரத்தில் நிற்கும். கன்வெர்ட்டர் எவ்வளவு விரைவாக விட்டுக்கொடுத்தாலும் இதற்கு மருந்தில்லை. பின்லாந்து-சுவீடன் பனி வகுப்பு விதிகள் இதனால்தான் சீ செஸ்டின் கொள்ளளவு 750 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ ஒரு கன மீற்றர் இருக்க வேண்டும் என்கின்றன. பனி மேலே மிதக்கவும் நீர் கீழே கிடைக்கவும் இடம் வேண்டுமல்லவா. எஞ்சினிலிருந்து திரும்பும் சூடான நீரை அதே பெட்டிக்குள் விடும் குழாயும் வேண்டும். அந்த வால்வை வெப்பக் கடலில் யாரும் தொடுவதில்லை, துருப்பிடித்து இறுகிவிடும். வடக்கே போவதற்கு முன்பே திறந்து மூடிப் பாருங்கள். சில கப்பல்களில் கப்பலைச் சமநிலைப்படுத்தும் நிலைநீர்த் தொட்டியின் நீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் மாற்று வழியும் உண்டு.

அடுத்தது எஞ்சின் உறிஞ்சும் காற்று. மிகக் குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. உருளைக்குள் உச்ச அழுத்தம் எல்லை தாண்டும், டர்போசார்ஜர் திணறும். காற்றைச் சூடாக்கும் ஏற்பாடு இல்லாமல் முழுச் சுமை எடுக்க முயலாதீர்கள். உந்துமோட்டாரும் மின்பிறப்பாக்கியும் நின்றிருக்கும்போது, ஈரம் படியாமல் காக்கும் ஹீட்டர்கள் வேலை செய்கின்றனவா என்று அம்பியரை அளந்து பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஹீட்டர் வேலை செய்கிறது என்று பொருளல்ல.

கொழும்பில் நிரப்பிய டீசல் அங்கே உறையுமா?

நல்ல கேள்வி, கேட்பவர்கள் குறைவு. ஓடும் எஞ்சின்களின் எரிபொருள் தொட்டியில் சூடாக இருக்கும், திரும்பத் திரும்ப நிரப்பப்படும். ஆபத்து அவசர மின்பிறப்பாக்கியின் சிறிய தொட்டியில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் மட்டுமே ஓடும் எஞ்சின் அது. வெப்பநாட்டில் நிரப்பிய டீசல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெப்பநாட்டு டீசலில் மெழுகு முன்னதாகவே படியும், வடிகட்டி அடைபடும். அந்த அறையோ மேல்தளத்தில், காற்றுத் துவாரங்களோடு இருக்கும். வடக்கே போகும் முன் தொட்டியை வடித்து, குளிர்காலத் தர டீசல் நிரப்ப வேண்டும்.

கடற்பாதுகாப்பு உடன்படிக்கையான சோலாஸின்படி அவசர மின்பிறப்பாக்கி 45 செக்கனுக்குள் தானாகத் தொடங்கிச் சுமை எடுக்க வேண்டும். 0 பாகையில் தொடங்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதைவிடக் குளிர் வருமென்றால் சூடாக்கும் ஏற்பாடு வேண்டும். பயணிகள் கப்பலில் 36 மணி நேரமும் சரக்குக் கப்பலில் 18 மணி நேரமும் அது தாக்குப்பிடிக்க வேண்டும். மெழுகு கட்டிய வடிகட்டியோடு அது நடக்காது.

பற்றரி வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். எஞ்சின் மூச்சு வாங்கும் அந்தச் சில செக்கன்களைப் பற்றரி அழகாக நிரப்பும். 2021இல் சேவைக்கு வந்த ‘லே கொமாண்டன் ஷார்கோ’ என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல், எரிவாயு எஞ்சின்களோடு பெரிய பற்றரித் தொகுதியையும் வைத்துக்கொண்டு அதே ஆண்டு வடதுருவம் வரை போய்வந்தது. எரிவாயு எஞ்சினின் மந்தத்துக்குப் பற்றரி சரியான துணை.

ஆனால் லிதியம் பற்றரியை 0 பாகைக்குக் கீழே மின்னேற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். அறை சூடாக இருக்கும்வரை கவலையில்லை. கப்பல் நீண்ட நேரம் இருண்டு கிடந்தால் அந்தச் சூடும் போய்விடும்.

உண்மையில் நடந்த சம்பவங்கள் என்ன சொல்கின்றன?

பெரிய கருவி உடைந்ததும் உண்டு. 2020 பெப்ரவரியில் ரஷ்யாவின் புதிய அணுசக்திப் பனி உடைப்புக் கப்பலான ‘ஆர்க்டிகா’வில் சோதனை ஓட்டத்தின்போது மூன்று உந்துமோட்டார்களில் ஒன்று பழுதானது, குறைந்த வலுவோடுதான் அந்த ஒக்டோபரில் சேவைக்கு வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 18இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் ‘ஹீலி’ வடதுருவக் கடலுக்குப் போகும் வழியில் வலது உந்துமோட்டாரில் தீப்பிடித்துத் திரும்பியது. பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து களஞ்சியத்தில் வைத்திருந்த உதிரி மோட்டார் ஒன்று இருந்ததால் தப்பினார்கள். கப்பலின் உடலை வெட்டித்தான் அதை உள்ளே வைத்தார்கள்.

எனக்கு அதிகம் பாடம் சொன்னவை சிறிய காரணங்கள். 2019 மார்ச் 23இல் நோர்வேக் கரையோரம் ‘வைக்கிங் ஸ்கை’ 1,373 பேரோடு புயலில் முழு மின்சாரத்தையும் இழந்து பாறைகளை நோக்கி நகர்ந்தது. எஞ்சின்களின் மசகு எண்ணெய்த் தொட்டியில் மட்டம் குறைவு. கப்பல் ஆடியபோது பம்ப் காற்றை உறிஞ்சியது, ஓடிய மூன்றும் நின்றன. நான்காவது ஏற்கெனவே பழுதில் இருந்தது. சுமார் 480 பேரை ஹெலிகொப்டரில் தூக்கினார்கள்.

2024 மார்ச் 26இல் பால்டிமோர் பாலத்தை இடித்த ‘டாலி’ கொழும்பை நோக்கிப் புறப்பட்ட கப்பல். அது மின் உந்துக் கப்பலல்ல, அங்கே பனியும் இல்லை. ஆனாலும் வகுப்பில் அதைத்தான் முதலில் பேசுகிறேன். கம்பியின் நுனியில் போட்ட பெயர்ப்பட்டை இணைப்பானுக்குள் கம்பி முழுமையாக நுழையவிடாமல் தடுத்தது, கம்பி தளர்ந்து பிரேக்கர் திறந்தது என்று அமெரிக்க விசாரணையாளர்கள் கண்டார்கள். ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். மின்சாரம் ஒருமுறை திரும்பி, மறுபடியும் போனது. இரண்டாவது முறைக்குக் காரணம், மின்பிறப்பாக்கிகளுக்கு எரிபொருள் தந்த பம்ப் தானாக மீண்டும் தொடங்காத வகை.

பனிக்குள் பிளாக்அவுட் ஆனால் என்ன செய்வது?

பாலத்துக்கு உடனே சொல்லுங்கள். தொடரணியாகப் போகும்போது பின்னால் வரும் கப்பல் சில நூறு மீற்றரில் இருக்கலாம். உங்கள் கப்பல் பனியில் உடனே நின்றுவிடும், அது நிற்காது. பிறகு அவசர மின்பிறப்பாக்கி சுமை எடுத்ததா என்று பாருங்கள். பிரதான மின்பிறப்பாக்கி ஒன்று வந்ததும் பெரிய மின்மாற்றிகளை ஒன்றன்பின் ஒன்றாகவே இணைக்க வேண்டும். மின்னேற்றும் கணத்தில் அவை வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ஏன் விழுந்தது என்று தெரியாமல் அதே மின்பிறப்பாக்கியைத் திரும்பத் திரும்பப் பூட்ட வேண்டாம். நேரம் நீண்டால் மேல்தளக் குழாய்களை வடித்துவிடுங்கள்.

கொழும்பிலிருந்து இந்த வேலைக்குப் போக என்ன தகுதி வேண்டும்? என் மகனை அனுப்பலாமா?

கடற்பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச உடன்படிக்கையின் 2010 மணிலா திருத்தங்களுக்குப் பின் மின்தொழில்நுட்ப அதிகாரிக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. 1,000 வோல்ற்றுக்கு மேற்பட்டது உயர் வோல்ற்றளவாகக் கணக்கிடப்படும். அந்தப் பயிற்சியில்லாமல் மின் உந்துக் கப்பலில் இடம் கிடைப்பது கடினம். துருவக் கடல் விதிக்கோவை 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதையொட்டிய கட்டாயப் பயிற்சி கப்டனுக்கும் தள அதிகாரிகளுக்கும்தான். சீ செஸ்ட் அடைபடும்போது கீழே ஓடவேண்டியவர்களுக்குக் கட்டாயமில்லை! இது எனக்குப் புரியாத விதி. கட்டாயமில்லாவிட்டாலும் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அனுப்பலாம், அம்மா. தடித்த உடுப்பு நிறுவனம் கொடுக்கும். மகன் தன்னோடு கொண்டுபோக வேண்டியது உள்ளுடுப்பும், காலுறையும், சொந்தமாக ஒரு நல்ல இன்சுலேஷன் சோதனைக் கருவியும். கப்பலில் இருக்கும் கருவியின் பற்றரி எப்போதும் தீர்ந்துதான் கிடக்கும்.